இரு கரையிலும் கேட்ட குரல்

குடிநீர் வாரியத்தில் அவருக்கு எழுத்து வேலை ஒன்றும் கிடையாது. குழாய் உடைந்தாலோ மேல்நிலைத் தொட்டி கழுவினாலோ, மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல்லிவிட்டு வருவார். அலுவலகத்தில் மைக்காரர் என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். ஆள் குள்ளம், ஒல்லி. சட்டை எப்போதும் ஒரு அளவு பெரிதாக இருக்கும். குரல் மட்டும் வேறு யாருக்கோ செய்து தவறிப்போய் இவரிடம் வந்து சேர்ந்ததுபோல் இருக்கும். தண்ணீர் வராது என்கிற கெட்ட செய்தியைக்கூட ஜனங்கள் வாசலில் நின்று முழுதாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் வாரியத்தைத் திட்டுவார்கள்.

வானொலி நிலையமும் அதே சாலையில்தான் இருந்தது. நாடகப் பிரிவின் தலைவி ஒரு நாள் காலை ஜன்னலோரம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். கீழே வண்டி போயிற்று. "மறு அறிவிப்பு வரும் வரை" என்று மைக்காரர் சொன்னதைக் கேட்டதும் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினார். அவருக்கு அவசரமாக ஒரு சக்கரவர்த்தி தேவைப்பட்டான்.

"நாடகத்துல பேசுவீங்களா?"

"எனக்கு நடிக்கல்லாம் வராதும்மா."

"நடிக்கவே வேணாம். இப்ப பேசினீங்களே, அப்படியே பேசுங்க. தண்ணி வராதுன்னு சொல்றதுக்குப் பதிலா படை வருதுன்னு சொல்லப் போறீங்க, அவ்வளவுதான்."

அப்படித்தான் அவர் ராஜாவானார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம். மற்ற நாட்களில் வழக்கம்போல வண்டி, மைக், தொட்டி கழுவுதல்.

அந்தத் தொடர் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. எழுதியவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரை ரிஜிஸ்டரார் என்றுதான் அழைத்தது. வேலையில் இருந்த வரை மூலப்பத்திரம் இல்லாமல் ஒரு சென்ட் நிலத்தைக்கூட யார் பேருக்கும் மாற்றிக் கொடுக்காதவர் என்று பெயர் வாங்கியவர். மந்திரி வீட்டு ஆளையே வில்லங்கச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். ஓய்வுக்குப் பிறகு பழைய பேரரசைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். படித்தது போதாமல் எழுத ஆரம்பித்தார். தடிமனான இரண்டு பாகங்கள். பேருந்திலும் மருத்துவமனை வரிசையிலும் ஜனங்கள் அதைக் கையில் வைத்திருந்தார்கள்.

கதை நன்றாகவே இருந்தது. அதை மறுக்க முடியாது. பட்டத்துக்கு வரவேண்டிய இளவரசன், அவனைப் பிடிக்காத சிற்றன்னை, ஒற்றர்கள், சுரங்கப் பாதை, படகோட்டியின் மகள். நாவலின் நடுவில் ஒரு இடம் வரும். சக்கரவர்த்தி ஆற்றங்கரையில் நின்று பேசுவான். அந்த ஆறு இன்றைக்கும் ஊருக்கு வெளியே ஓடுகிற அதே ஆறுதான். அக்கரை இப்போது வேறு நாடு. நாவலில் அமைச்சர்கள் சமாதானம் பேசச் சொல்கிறார்கள். சக்கரவர்த்தி பதில் சொல்கிறான்: "இக்கரை என் இடத்தோள். அக்கரை என் வலத்தோள். நடுவே ஓடுவது நதியன்று, என் மார்பில் கிடக்கும் முத்தாரம். தோளை வெட்டிக் கொடுத்துவிட்டு ஆரத்தை மட்டும் அணிந்துகொள்ளச் சொல்கிறீரா அமைச்சரே?"

மைக்காரர் இதை ஒரே மூச்சில் பேசினார். ஒலிப்பதிவு முடிந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தால் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரிஜிஸ்டரார் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் எழுதும்போது கேட்ட குரல் இதுதான் தம்பி" என்றார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. மைக்காரருக்கு அன்றைக்கு நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரமே வசனம் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆட்டோவின் பின்பக்கம் எழுதினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேல்துண்டை இடத்தோளிலும் வலத்தோளிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பேசிக் காட்டினார்கள். அவரைத் தேடி வந்து பார்த்தவர்கள் மட்டும் கொஞ்சம் ஏமாந்தார்கள். ஒருவர் வீட்டு வாசலில் நின்று அவரிடமே, "ராஜா இருக்காருங்களா?" என்று கேட்டார். மனைவி தையல் இயந்திரத்திலிருந்து நிமிராமல், "உள்ள துணி காயப்போடப் போயிருக்கார், கூப்பிடறேன்" என்றாள்.

அவருடைய அக்கா வாழ்க்கைப்பட்டது அக்கரையில். தாய் போனபோது அவருக்கு விவரம் தெரியாத வயது. மூக்கைத் துடைத்து, தலை வாரி, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது அக்காதான். அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது அது ஒன்றும் பெரிய தூரம் இல்லை. பாலத்தின் இரு முனையிலும் ஆளுக்கொரு சிப்பாய் உட்கார்ந்திருப்பான். அட்டையைக் காட்டினால் போகலாம். பேச்சும் ஒன்றேதான். அக்கரைக்காரர்கள் வார்த்தையின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா மாதத்துக்கு ஒரு தடவை வந்து, தம்பி இளைத்துவிட்டான் என்று அவன் மனைவியிடம் குறை சொல்லிவிட்டு, அவளிடமே இரண்டு ரவிக்கை தைத்து வாங்கிக்கொண்டு போவாள்.

வானொலி ஆற்றைத் தாண்டியும் கேட்கும். அக்காவுக்கு முதலில் பெருமை தாங்கவில்லை. சைக்கிள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அது என் தம்பி, நான் வளர்த்தவன்" என்று சொன்னாள். ஒரு தடவை வரும்போது அங்கே வெளியாகிற வாரப் பத்திரிகை ஒன்றைக் கொண்டு வந்தாள். அதிலும் ஒரு சரித்திரத் தொடர். அவர்களுக்கும் ஒரு ராஜா. அந்த ராஜா ஆற்றைத் தாண்டி வந்து இக்கரையில் கோட்டை கட்டுகிறான். நம் சக்கரவர்த்தி அதில் கப்பம் கட்டுகிற குறுநில மன்னன். பல்லக்கு தூக்குகிறவர்களுக்குக் கூலி பாக்கி வைக்கிறவன்.

"டேய், எங்க ராஜா உன்னைப் பிடிச்சுக் கட்டி வெச்சிருக்காருடா" என்று அக்கா படித்துக் காட்டினாள். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த ஒலிப்பதிவின்போது மைக்காரர் இதை ரிஜிஸ்டராரிடம் வேடிக்கையாகச் சொன்னார். ரிஜிஸ்டரார் சிரிக்கவில்லை. "அதுக்கு ஆதாரம் கிடையாது. அது வெறும் கற்பனை" என்றார்.

"நம்மகிட்ட இருக்குங்களா ஐயா?"

"இருக்கு. அந்தக் காலத்துப் புகழ்ப் பாட்டு இருக்கு. அவனோட களிறுகள் ஆற்றின் இரு கரையிலும் நீருண்டனன்னு கவிஞன் பாடியிருக்கான்."

யானை தண்ணீர் குடித்தது மைக்காரருக்குப் புரிந்தது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

தொடர் முடியும் தறுவாயில் காரியங்கள் வேறு மாதிரி ஆயின. அக்கரையில் பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் ஒரு நீர்மின் நிலையம் உண்டு. அதிலிருந்து வருகிற மின்சாரத்தில் யாருக்கு எவ்வளவு என்று இரண்டு அரசாங்கங்களும் வெகுநாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒரு நாள் சபையில் அமைச்சர் ஒருவர் மின்சாரத்தைப் பற்றிப் பேச எழுந்தார். மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் வலத்தோளைப் பற்றிப் பேசினார். கைதட்டல் நிற்கவே இல்லையாம். மறுநாள் பத்திரிகைகளில் ஒரு வரைபடம் வந்தது. பேரரசின் எல்லை என்று போட்டிருந்தார்கள். மின் நிலையம் அதற்குள் இருந்தது. வரைபடத்தின் கீழே சிறிய எழுத்தில், நாவலின் முதல் பாகத்திலிருந்து எடுத்தது என்று நன்றி தெரிவித்திருந்தார்கள்.

நாவலில் சக்கரவர்த்தி மூப்படைந்து படுக்கையில் இறந்துபோகிறான். வானொலிக்கு மேலிடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள், இப்போதைக்குச் சாக வேண்டாம் என்று. இறப்பதற்கு முன் அக்கரையின்மேல் படையெடுப்பு ஒன்று நடத்தட்டும். ரிஜிஸ்டரார் உற்சாகமாக எழுதிக் கொடுத்தார். இந்தப் புதிய பகுதியில் எதிரித் தலைவன் ஒருவன் வந்தான். குடிகாரன், பெண்களைத் தூக்கிப் போகிறவன். அந்த வேடத்தில் பேசியவர் ஒத்திகையில் வார்த்தையின் கடைசி எழுத்தை நீட்டி நீட்டி இழுத்தார்.

மைக்காரர் தலைவியிடம் போனார். "ஏம்மா, அவரை ஏன் இழுத்துப் பேசச் சொல்றீங்க? எங்க அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, இப்படித்தான் பேசுவாரு."

"உங்க மாமாவை யாரு சொன்னா? எதிரின்னு கேக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா? ரேடியோவில முகமா தெரியுது?"

அவர் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்தப் படையெடுப்பு முழுவதையும் பேசினார். நன்றாகவும் பேசினார். பிடிக்காமல் பேசினார் என்று சொல்வதற்கில்லை. காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துவிட்டால் அவருக்கு வேறு நினைவு வராது.

அவர் வீட்டில் தொலைபேசி இல்லை. அக்கா வானொலி நிலையத்துக்குத்தான் கூப்பிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பு முடிந்த கையோடு கூப்பிட்டாள்.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன். தெருவே கேட்டுச்சு. ரொம்ப நல்லா பேசறடா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கேட்டா எனக்கே பயமா இருக்கு."

"கதைதானேக்கா."

"கதைதான். நேத்து கடைக் கண்ணாடியை உடைச்சுட்டுப் போயிட்டாங்க. போலீஸ்ல கூப்பிட்டு, அந்தக் குரல் உங்க தம்பியான்னு மாமாவைக் கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டாரு. நானும் இனிமே யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை. நீயும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். அந்த மாதக் கடைசியில் பாலத்தை மூடினார்கள். தொலைபேசியும் போயிற்று.

பிறகு ஒரு ராணுவ அதிகாரி வாரியத்துக்கே வந்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர். பாலத்து முனையில் பெரிய ஒலிபெருக்கிகள் வைக்கிறோம், அக்கரைக்காரர்கள் கேட்கும்படி ராஜாவின் குரலில் நாலு வார்த்தை பேசித் தரவேண்டும் என்றார். எழுதிக் கொண்டுவந்ததை நீட்டினார். நீங்கள் எங்கள் மக்கள், பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறீர்கள், எதிர்க்காதீர்கள் என்று இருந்தது.

மைக்காரர் அதை இரண்டு தடவை படித்தார்.

"சார், எங்க அக்கா வீடு அந்தப் பாலத்திலேர்ந்து பாத்தா தெரியும்."

"அப்ப நல்லதுதானே சார். தெரிஞ்ச குரலைக் கேட்டா பயப்பட மாட்டாங்க."

"பயப்படத்தானே சார் வைக்கறீங்க. என்னால முடியாது. மன்னிச்சுக்கங்க."

காகிதத்தை மேசைமேல் வைத்தார். அடிப்பார்கள், இழுத்துக்கொண்டு போவார்கள் என்று எதிர்பார்த்தார். அதிகாரி, "பரவாயில்லை சார், உங்க இஷ்டம்" என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ரொம்பச் சுலபமா முடிஞ்சா எனக்குப் பிடிக்காது" என்றாள்.

சில நாள் கழித்து ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் வராது என்று சொல்ல இவரை அனுப்பினார்கள். ஆற்றோரத் தெருக்களில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கடைசித் தெருவில் பேசி முடித்து மைக்கை அணைத்துவிட்டு வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தார். குரல் நிற்கவில்லை. ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தது.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, மைக்கை அணைக்கலையா?"

"அணைச்சுட்டேன்."

"பின்ன பேசறது யாரு?"

"நான்தான்" என்றார்.

பழைய ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டியிருந்தார்கள். வறட்சிக்குப் பின் தலைநகர் திரும்பிய சக்கரவர்த்தி தன் குடிகளைப் பார்த்து, "என் மக்களே, உங்கள் மன்னன் வருகிறேன்" என்று சொல்லும் இடம் ஒன்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "இனி அஞ்ச வேண்டாம்" என்று சொன்ன இடம் ஒன்று. நடுவில் முத்தாரம், இடத்தோள், வலத்தோள். ஒவ்வொன்றும் அவர் பேசியதுதான். அந்த வரிசையில் அவர் பேசவே இல்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்தது.

வண்டியை நேராக ரிஜிஸ்டரார் வீட்டுக்கு விடச் சொன்னார்.

ரிஜிஸ்டரார் முன்னறையில் பத்திரிகைகளைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். சுவரோரம் மாலைகள் காய்ந்து கிடந்தன. இவரைப் பார்த்து மகிழ்ந்து நாற்காலியைக் காட்டினார். இவர் உட்காரவில்லை.

"ஐயா, பத்திரம் பதிய வந்தவங்ககிட்ட மொதல்ல என்ன கேப்பீங்க?"

ரிஜிஸ்டராருக்கு என்ன வருகிறது என்று புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். "மூலப்பத்திரம் கேட்பேன்."

"இதுக்கு?"

"அந்தப் பாட்டுதான். வேற இல்லை." சிறிது நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "அதே பாட்டில அவன் யானைங்க குடிச்சு ஏழு கடலும் வத்திப் போச்சுன்னும் இருக்கு. அதை நான் எடுத்துக்கலை. கவிஞன் புகழ்றதுக்குப் பாடினது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"தெரிஞ்சுமா ஐயா?"

"தெரிஞ்சுதான். நான் நில எல்லையா எழுதினேன்? கதை எழுதினேன். இந்த ஊரைப் பத்தி நினைச்சுப் பாரு. ஆலை மூடிப் போச்சு. பிள்ளைங்க வெளியூர்ல போய் எவனுக்கோ கைகட்டி நிக்குது. நாமளும் ஒரு காலத்துல இருந்தோம்னு சொன்னேன். தலை நிமிர்ந்து நடந்தாங்க. நீ பார்க்கலையா? உன்னையே எடுத்துக்க. தண்ணி வராதுன்னு சொல்லிட்டிருந்த ஆளு நீ."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மைக்காரரும்தான் தலை நிமிர்ந்து நடந்திருந்தார்.

"தலை நிமிர்றதுக்கு அடுத்தவன் வீடு எதுக்குங்கய்யா? எங்க அக்கா அங்க இருக்காங்க. நிறுத்தச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

ரிஜிஸ்டரார் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப எழுதினா துரோகின்னு சொல்லுவாங்க தம்பி" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.

சண்டை நீண்ட நாள் நடக்கவில்லை. மின் நிலையத்தைப் பிடித்தார்கள். அக்கரை ஊரைக் காலி செய்யவைத்து, ஜனங்களை முகாம்களில் கொண்டுபோய் வைத்தார்கள். பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் விழுந்தது. இரண்டு பக்கமும் பிள்ளைகளைப் பிணமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பிறகு வெளியார் யாரோ நடுவில் வந்து பேசி, நிலையத்தைத் திருப்பிக் கொடுத்து மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். முன்பே எந்தக் கணக்கில் பங்கிடலாம் என்று பேச்சு அடிபட்டதோ ஏறக்குறைய அதே கணக்கு. ரிஜிஸ்டராருக்கு விருது வந்தது. புதிய பதிப்பின் முதல் பக்கத்தில், இது முற்றிலும் கற்பனை, யாரையும் குறிப்பிடுவதன்று என்று ஒரு வரி சேர்த்தார். மைக்காரர் வானொலிக்குப் போவதை நிறுத்திவிட்டார். தலைவி இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்தார். தொண்டை சரியில்லை என்று சொல்லியனுப்பினார்.

பாலத்தைச் சீர்செய்து நடந்து போகிறவர்களுக்கு மட்டும் திறந்த வருஷம், அனுமதி கிடைத்த முதல் வாய்ப்பில் அவர் அக்கரைக்குப் போனார். மனைவி இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தாள், பழைய அளவில். அது அக்காவுக்கு இப்போது தொளதொளவென்று இருந்தது. முகாமில் இருந்து திரும்பியவர்கள் எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். மாமா கடையைத் திறந்திருந்தார். ஒரு காது கேட்கவில்லை.

அக்கா அவரைப் பார்த்து அழவில்லை. தட்டு வைத்தாள். சோறு போட்டாள். அவர்தான் ஆரம்பித்தார்.

"அக்கா, அந்த ஒலிபெருக்கியில பேசினது..."

"நீ பேசலை. தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூட்டையைத் தூக்கிட்டு வண்டிக்கு நிக்கறோம், உன் குரல் வருது. மொதல்ல எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. பாவி, நமக்கே இப்படிப் பேசறானேன்னு. அப்புறம் 'என் பக்களே, உங்கள் பன்னன் வருகிறேன்'னு வந்துச்சு. உனக்குச் சளி பிடிச்ச வாரம்டா அது. அன்னைக்கே கேட்டுட்டு மாமாகிட்டச் சொன்னேன், பையனுக்கு மூக்கடைச்சிருக்கு, யாரும் கஷாயம் வெச்சுக் கொடுத்திருக்க மாட்டாங்கன்னு. அப்பத்தான் இது பழசுன்னு தெரிஞ்சுது."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை.

"அதுக்காக உன்னை விட்டுட்டேன்னு நினைக்காதே. நீ பேசலைன்னாலும் குரல் உன்னுது. இங்க அந்தக் குரலைத் தெரியாதவங்க கிடையாது. வெளிய வாயைத் திறக்காதே. நீ என் இன்னொரு தம்பி, தொண்டையில ஆபரேஷன், பேச வராதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அதன்பின் அவர் அடிக்கடி போனார். அக்கரையில் அவர் ஊமை. கடையில் உட்கார்ந்து மாமாவுக்கு டியூபில் பஞ்சர் ஒட்டிக் கொடுப்பார். ஒருவருக்குப் பேச்சு இல்லை, ஒருவருக்குக் காது இல்லை, நல்ல ஜோடி என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். பேசியே பிழைத்தவருக்கு அது முதலில் பெரிய பாடாக இருந்தது. யாராவது தவறான விலை சொன்னால் உதடு வரை வந்துவிடும். பிறகு பழகிவிட்டது. கடையில் உட்கார்ந்து அவர்கள் இழுத்து இழுத்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

எதிர் வீட்டில் ஒரு அம்மா இருந்தாள். பால்பண்ணையில் வேலை பார்த்தவள். அவளுடைய ஒரே மகன் பாலத்துச் சண்டையில் செத்துப் போனவன். அவள்தான் இவருக்கு அடிக்கடி தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். ஒரு நாள் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"உன் இன்னொரு தம்பி, அந்த ரேடியோக்காரன், உயிரோட இருக்கானா?"

"எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா.

"இருந்துட்டுப் போகட்டும். அந்தக் குரலை மட்டும் எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும்."

இவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்கு முந்தைய ஒரு மத்தியானம். செங்கல் ஏற்றி வந்த லாரி ஒன்று தெருவில் திரும்ப வழியில்லாமல் பின்னோக்கியே வந்தது. அந்த அம்மா வாசலில் குனிந்து விறகு அள்ளிக்கொண்டிருந்தாள். லாரிக்காரருக்கு அவள் தெரியவில்லை. அவளுக்கு முதுகுப் பக்கம் லாரி. மாமா பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். மைக்காரர் எழுந்து நின்று கத்தினார்.

"நிறுத்து. வண்டியை நிறுத்து."

தெரு முழுவதும் நின்றது. லாரியும் நின்றது, அவள் புடவைக்குச் சற்றுத் தள்ளி. அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து வாசல் கதவைப் பிடித்துக்கொண்டாள். யாரும் லாரியைப் பார்க்கவில்லை. எல்லாரும் சைக்கிள் கடையைப் பார்த்தார்கள்.

அந்த அம்மா விறகைக் கீழே போட்டுவிட்டு நடந்து வந்தாள். அருகில் வந்து நின்று முகத்தை நிதானமாகப் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்த முகம்தான்.

"நீதானா அது."

"ஆமாம்மா."

"பேச வருதே."

"வரும்மா."

அவள் அவரை அடிக்கவில்லை, சபிக்கவும் இல்லை. ஆனால் அவரால் மறக்க முடியாத ஒன்றைக் கேட்டாள். "அந்த ராஜா நெசமாவே இங்க வந்தானா?"

"தெரியாதும்மா. எழுதினவருக்கே தெரியாது. யானை தண்ணி குடிச்சதா ஒரு பாட்டு இருக்காம்."

"தண்ணி குடிச்சா குடிச்சுட்டுப் போகட்டுமே" என்றாள். "ஆத்துல இல்லாத தண்ணியா." திரும்பிப் போய், சிதறிய விறகைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மாமா, இன்றைக்கே பாலத்தைத் தாண்டிவிடு, ஊர் என்ன செய்யுமோ தெரியாது என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கயும் போக வேணாம். இப்ப ஓடினா அப்புறம் எப்பவும் வர முடியாது. உக்காரு" என்றாள். சாயங்காலம் தெருக்காரர்கள் சிலர் வந்து கடை வாசலில் நின்றார்கள். ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார், எதைப் பேசினேன், எதைப் பேச மாட்டேன் என்றேன், பேசியதை என்ன செய்தார்கள் என்று. ஒருவர் நம்பவில்லை. ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனார். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

அக்கரைக்கு இன்றைக்கும் போய்வருகிறார். இப்போது அங்கே வாய் திறந்து பேசுகிறார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக. துப்பிவிட்டுப் போனவர் தன் சைக்கிளைப் பக்கத்துத் தெருக் கடைக்குக் கொண்டுபோகிறார். எதிர் வீட்டு அம்மா அதற்குப் பிறகு அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததில்லை. அக்காவோடு பேசுகிறாள், மாமாவோடு பேசுகிறாள், இவரோடு பேசுவதில்லை. அவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. அவள் வாசலில் நிற்கும்போது மட்டும் கையிலுள்ள வேலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். அவள் உள்ளே போன பிறகு, விட்ட இடத்திலிருந்து மாமாவிடம் பேச்சைத் தொடர்கிறார், அவருக்குக் கேட்கும் காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டு.